ஸ்ட்ரூவே தீவும் கேட்டி மோராக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் தெருக் குழந்தைகளுக்குப் படக்கதை படித்துக் காட்டுகிறேன். கேட்டி மோராக் கதைகளைக் கையில் எடுத்த பிறகு, குழந்தைகளைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் வாசலில் நின்று கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் அவசரத்தில் அரைகுறையாகப் பதில் சொல்வதைவிட, நிதானமாக எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே தந்திருக்கிறேன்.

கேட்டி மோராக் என்பது யார்? என்ன மாதிரிக் கதைகள் இவை?

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் இருப்பதாகச் சொல்லப்படும் ஸ்ட்ரூவே என்ற சின்னத் தீவில் வாழும் சிறுமி அவள். முழுப்பெயர் கேட்டி மோராக் மெக்கால். சிவந்த சுருட்டை முடி, கட்டம் போட்ட கில்ட் பாவாடை, கம்பளி ஸ்வெட்டர், காலில் ரப்பர் பூட்ஸ். தீவின் ஒரே கடையும் தபால் நிலையமும் அவள் வீட்டிலேயே இருக்கின்றன. அம்மா தபாலைப் பார்த்துக்கொள்கிறார், அப்பா கடையை நடத்துகிறார். லியாம் என்று ஒரு தம்பிப் பாப்பா உண்டு. பிறகு வரும் புத்தகங்களில் ஒரு தங்கையும் பிறக்கிறாள்.

எழுதியவரும் படம் வரைந்தவரும் ஒருவரே: மாரி ஹெட்டர்விக். 1939இல் ஸ்காட்லாந்தின் கூரக் என்ற கடலோர ஊரில் பிறந்து, எடின்பரோ ஓவியக் கல்லூரியில் பயின்றவர். கேட்டி தபால் கொடுக்கக் கிளம்பும் முதல் புத்தகம் 1984இல் வந்தது. அதன் பிறகு சுமார் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வரிசை வளர்ந்தது. மாயமந்திரம், பேசும் விலங்கு, புதையல் எதுவும் இந்தக் கதைகளில் இல்லை. தபால் வருகிறது, புயல் அடிக்கிறது, ஆடு சேற்றில் விழுகிறது, விருந்தாளி வருகிறார். இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டே குழந்தைகளை மூச்சைப் பிடித்து உட்காரவைக்க முடிகிறது.

ஸ்ட்ரூவே தீவை வரைபடத்தில் தேடினோம், கிடைக்கவில்லையே?

கிடைக்காது. அது ஆசிரியர் உருவாக்கிய தீவு. ஆனால் அதற்கு விதை போட்ட தீவு உண்மையானது. அதன் பெயர் கோல். ஹெப்ரிடீஸ் தீவுக் கூட்டத்தின் உட்பகுதியில், மல் தீவுக்கு மேற்கே இருக்கிறது. நீளம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர், அகலம் 5 கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் அங்கே வாழ்ந்தவர்கள் 195 பேர். நம் ஊரில் ஒரு கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு உட்காருகிற கூட்டம்.

ஹெட்டர்விக் பதின்பருவத்தில் வீட்டு வேலைக்கு உதவியாளராக முதல்முறை கோல் தீவுக்குப் போனார். பின்னர் கணவர், குழந்தைகளோடு அங்கேயே குடியேறிப் பல ஆண்டுகள் வாழ்ந்தார். படகு வராத நாள் என்றால் என்ன, மாவு தீர்ந்துபோனால் என்ன செய்வது என்பதெல்லாம் அவர் தாமே பட்டு அறிந்தவை. கதைகளில் படகு வரும் நாளுக்கு அத்தனை முக்கியத்துவம் இருப்பது அதனால்தான்.

அப்படியானால் கோல் என்றே எழுதியிருக்கலாமே? பெயரை ஏன் மாற்ற வேண்டும்?

இருநூறு பேர் உள்ள இடத்தில் தபால் நிலையத்தம்மா என்று எழுதினால் அது ஒரே ஒருவரைத்தான் குறிக்கும். கதையில் அவர் சிடுசிடுக்கிறார் என்று எழுதிவிட்டு மறுநாள் அவரிடமே போய்த் தபால்தலை வாங்க வேண்டும். அடுத்த வீட்டுக்காரரைக் கதையில் வைக்கும் எழுத்தாளருக்குக் கற்பனைப் பெயர் ஒரு வேலி. இரண்டு பக்கத்தாரையும் அது காக்கிறது.

இன்னொரு காரணத்தையும் படங்களே காட்டுகின்றன. கோல் தாழ்வான தீவு. அதன் மிக உயர்ந்த குன்றே நூறு மீட்டரைச் சற்றுத்தான் தாண்டுகிறது. ஸ்ட்ரூவேயின் விரிகுடாவுக்குப் பின்னாலோ மலைகள் எழுந்து நிற்கின்றன. ஹெட்டர்விக் ஹெப்ரிடீஸ் தீவுகள் பலவற்றைச் சுற்றி வரைந்து, 1989இல் பெரியவர்களுக்கான பயண நூலும் வெளியிட்டவர். ஒரு தீவின் கடை, இன்னொரு தீவின் மலை, வேறொன்றின் படகுத்துறை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்க்கக் கற்பனைத் தீவுதான் இடம் கொடுக்கும்.

பெயர்களை எப்படி உச்சரிப்பது? குழந்தை கேட்டால் தடுமாறுகிறேன்.

ஸ்ட்ரூவே, மோராக், மெக்கால். நெய்லி பெக் என்ற பாத்திரத்தின் பெயரில் வரும் ‘பெக்’ ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிச் சொல். சின்ன என்று பொருள். சின்னத்தம்பி, சின்னப்பொண்ணு என்று நாம் வைப்பது போலத்தான். ஆசிரியரின் முதற்பெயரும் கேலிக் வடிவமே, மேரி என்பதன் உருவம். ‘மாரி’ என்றே சொல்ல வேண்டும். நம் மாரிக்கும் அதற்கும் உறவு கிடையாது. ஆனால் இத்தனை மழையை வரைந்தவருக்கு அந்தப் பெயர் அமைந்திருப்பது தமிழில் படிக்கும்போது எனக்குத் தனி மகிழ்ச்சி தருகிறது.

இரண்டு பாட்டிகள் வருகிறார்களே, இதில் யார் அப்பாவின் அம்மா, யார் அம்மாவின் அம்மா?

தமிழ்ப் பெற்றோர் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. அப்பத்தாவா அம்மாச்சியா என்று தெரியாமல் நமக்குக் கதை நகராது. ஆனால் கேட்டி அவர்களை வழியால் அழைப்பதில்லை, இடத்தால் அழைக்கிறாள். ஒருவர் தீவுப் பாட்டி. மற்றவர் பெருநிலத்துப் பாட்டி, அதாவது கடலுக்கு அப்பால் உள்ள ஸ்காட்லாந்தின் பெரிய நிலப்பகுதியிலிருந்து வருகிறவர். பாட்டி என்பதற்கான ஆங்கிலச் சொல் வழியைச் சொல்லாது என்பதால், பெயரைக் கேட்டு உறவைக் கண்டுபிடிக்க முடியாது.

தமிழில் படித்துக் காட்டும்போது அப்பத்தா, அம்மாச்சி என்று மாற்றிவிட வேண்டாம் என்பேன். தீவில் வாழ்கிற குழந்தைக்கு உலகமே இரண்டு பாகம்: இந்தக் கரை, அந்தக் கரை. நெடுந்தீவு போன்ற இடங்களில் வளர்ந்த நம்மவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. முதலில் நான் ‘டவுன் பாட்டி’ என்று சொல்லிப் பார்த்தேன். டவுன் என்றதும் கடல் காணாமல் போய்விட்டது. பிறகு ‘அக்கரைப் பாட்டி’ என்றேன். குழந்தைகள் அதையே பிடித்துக்கொண்டார்கள். கீழே உள்ள பதில்களிலும் அப்படியே எழுதுகிறேன்.

தீவுப் பாட்டி டிராக்டர் ஓட்டுகிறார், ஆண்கள் போடும் தோள்வார் வைத்த வேலைக் காற்சட்டை போடுகிறார். வேண்டுமென்றே அப்படி வரைந்தார்களா?

ஓவியர் வேண்டுமென்றே எடுத்த முடிவு என்றுதான் நான் படிக்கிறேன். 1980களில் வந்த படப்புத்தகங்களில் பாட்டி என்றால் கொண்டை, மூக்குக்கண்ணாடி, ஊஞ்சல் நாற்காலி. இவரோ கையில் கிரீஸ் அப்பிக்கொண்டு இயந்திரத்தைப் பழுதுபார்க்கிறார். அதற்காக இவரைப் பற்றிக் கதை ஒரு வரிகூட விளக்கம் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பாட்டி டிராக்டர் ஓட்டுகிறார், அவ்வளவுதான்.

அந்த நிலத்தில் இது விசித்திரமும் அன்று. மேற்குத் தீவுகளில் சிறு பண்ணைக்குப் பெயர் கிராஃப்ட். சில ஏக்கர் குத்தகை நிலம், கொஞ்சம் ஆடு மாடு, உருளைக்கிழங்கு, மேய்ச்சலுக்கு ஊர்ப் பொது நிலம். 1886இல் வந்த சட்டம்தான் குத்தகைதாரரை நினைத்தபடி வெளியேற்ற முடியாமல் தடுத்தது. இவ்வளவு சிறிய நிலத்தை நம்பி மட்டும் பிழைக்க முடியாது என்பதால் ஒரே ஆள் விவசாயி, மீன்பிடிப்பவர், பழுதுபார்ப்பவர் எல்லாமாக இருப்பார். பெண்கள் ஒருபோதும் அந்த வேலைகளுக்கு வெளியே நின்றதில்லை.

ஆட்டுக்கு ஷாம்பூ போடும் கதையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது?

1985இல் வந்த கதை. அக்கரைப் பாட்டி ஸ்ட்ரூவேக்கு வருகிறார். சின்ன உருவம், நறுவிசான உடை, பெட்டி நிறைய அழகுப் பொருட்கள். தீவுப் பாட்டிக்கு இந்த ஒப்பனையெல்லாம் பிடிக்கவில்லை. கண்காட்சி நாள் வருகிறது. தீவுப் பாட்டியின் செல்ல ஆடு அலெசீனா பரிசுக்குப் போக வேண்டியது, சேற்றில் போய் விழுந்துவிடுகிறது. எவ்வளவு தேய்த்தும் கறை போகவில்லை. அப்போது கேட்டிக்கு அக்கரைப் பாட்டியின் பெட்டி நினைவுக்கு வருகிறது. ஷாம்பூவும் முடி சுருட்டும் உருளைகளும் அலெசீனாவின் கம்பளி முடிக்குப் போகின்றன. ஆடு பரிசு வாங்குகிறது.

இரண்டு வகைப் பெண்களில் எவர் மேல் என்ற கேள்வியைக் கதை எழுப்புவது போலத் தொடங்கி, அதைக் கேட்காமலேயே கரைத்துவிடுகிறது. டிராக்டர் ஓட்டும் பாட்டி உயர்வு, பவுடர் பூசும் பாட்டி தாழ்வு என்று முடித்திருந்தால் ஒரு பிரச்சாரப் புத்தகம் கிடைத்திருக்கும். இருவருடைய கைப்பழக்கமும் ஒரே ஆட்டுக்குத் தேவைப்படுகிறது. மாமியார் வீடு, பிறந்த வீடு என்று இரண்டு பக்கமும் இழுபடும் குடும்பங்களில் இந்தக் கதையைப் படித்துவிட்டுப் பெரியவர்கள் அமைதியாகிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அக்கரைப் பாட்டிக்கு ஒரு புத்தகத்தில் கல்யாணம் நடக்கிறது. இதைக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது?

நடப்பதை நடப்பதாகச் சொல்லுங்கள். 1995இல் வந்த கதையில் அக்கரைப் பாட்டி நெய்லி பெக்கை மணந்துகொண்டு தீவுக்கே குடிவருகிறார். குழந்தைகளுக்கு இதில் ஒரு தயக்கமும் இல்லை. என்ன விருந்து, என்ன உடை என்பதுதான் அவர்கள் கேட்கிறார்கள். தயங்குவது நாம். ‘பாட்டிக்கு எதற்குக் கல்யாணம்’ என்று ஒரு சிறுவன் என்னிடம் கேட்டபோது, பக்கத்தில் இருந்த சிறுமி, ‘தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை’ என்று சொல்லிவிட்டாள். அதற்குமேல் நான் எதுவும் சேர்க்கவில்லை.

கேட்டி தபாலைக் கண்ட வீட்டில் போடுகிறாள், கோபம் வந்தால் கரடிப் பொம்மையைக் கடலில் தள்ளுகிறாள். இதைப் படித்துக் குழந்தை கெட்டுப்போகாதா?

முதல் புத்தகத்தில் நடப்பதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தம்பிக்குப் பல் முளைக்கிறது, வீடே அழுகையும் கூச்சலுமாக இருக்கிறது. அம்மாவால் நகர முடியவில்லை. பார்சல்களைக் கேட்டியிடம் கொடுத்து அனுப்புகிறார். வழியில் தண்ணீரில் கால் நனைக்க ஆசைப்பட்டவள் விழுந்துவிடுகிறாள். பை நனைந்து, முகவரி மை அழிந்துபோகிறது. பயத்தில் எந்த வீட்டுக்கு எது என்று தெரியாமல் கண்டபடி வைத்துவிட்டு ஓடுகிறாள். கடைசியில் தீவுப் பாட்டியிடம் போய் உண்மையைச் சொல்கிறாள். பாட்டி திட்டுவதில் நேரத்தைக் கழிக்கவில்லை. டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பார்சல்களை மாற்றிக் கொடுக்க வைக்கிறார்.

தவறு செய்யாத குழந்தையைப் பற்றிய கதையைக் கேட்டு எந்தக் குழந்தையும் தன் தவறைச் சொல்ல முன்வராது. இங்கே தவறு நடந்த பிறகு என்ன செய்வது என்பது படிப்படியாக வரைந்து காட்டப்படுகிறது: சொல், திரும்பிப் போ, சரிசெய். இருநூறு பேர் உள்ள தீவில் ஓடி ஒளிய முடியாது, நாளைக்கும் அதே முகங்கள்தான் என்பதால் இந்தப் பாடம் வலுவாக ஒட்டுகிறது. கரடிப் பொம்மையின் கதையும் அப்படித்தான். அவள் கோபத்தைக் கதை மறைக்கவில்லை, தண்டிக்கவும் இல்லை. கடலே பொம்மையைத் திருப்பித் தருகிறது.

படங்களில் ஒரே அடைசலாக இருக்கிறதே, எழுத்து நாலு வரிதான். சீக்கிரம் புரட்டிவிடலாமா?

தயவுசெய்து புரட்டிவிடாதீர்கள். பாதிக் கதை படத்தில்தான் இருக்கிறது. கடையின் அலமாரிகள், கொடியில் காயும் துணி, மேசைக்கடியில் கிடக்கும் பொம்மை என ஹெட்டர்விக் ஒரு வீடு உண்மையில் எப்படிக் கலைந்து கிடக்குமோ அப்படியே நீர்வண்ணத்தில் வரைகிறார். எழுத்தில் பெயர்கூட வராத ஒரு பூனை பக்கத்துக்குப் பக்கம் எங்கே போகிறது என்று பார்ப்பதற்காகவே எங்கள் வீட்டுக்கு வரும் ஒரு குழந்தை இருக்கிறாள்.

முதலிலும் கடைசியிலும் வரும் விரிகுடாக் காட்சிகளை விட்டுவிடாதீர்கள். தொடக்கத்தில் பகல், முடிவில் அதே இடம் இரவில். யார் வீடு எது என்று குழந்தை விரலால் தொட்டுக் காட்டும்வரை நான் கதையைத் தொடங்குவதில்லை. வீடுகள் தெரிந்தால்தான் மேலே சொன்ன தபால் குழப்பமே புரியும்.

தொலைக்காட்சியில் வந்த கேட்டி மோராக்கில் காட்டுவது கோல் தீவுதானா? பலமோரியும் இதுவும் ஒன்றா?

இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். கேட்டி மோராக் தொடரை பிபிசி 2013 முதல் ஒளிபரப்பியது. படம்பிடித்தது லூயிஸ் தீவில். அது வெளி ஹெப்ரிடீஸ், கோலுக்கு வெகு வடக்கே.

பலமோரி வேறு நிகழ்ச்சி, 2002 முதல் 2005 வரை வந்தது. அதுவும் கற்பனைத் தீவு. ஆனால் அதில் தெரியும் வண்ண வண்ண வீட்டு வரிசை மல் தீவின் டோபர்மோரி ஊர், 1788இல் மீன்பிடித் துறைமுகமாக அமைக்கப்பட்டது. பலமோரி பாட்டும் வண்ணமுமாகச் சின்னஞ்சிறுசுகளுக்கானது. மூன்று வயதுக்கு அது, ஐந்து வயதுக்கு மேல் கேட்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

தீவு வாழ்க்கையை இவ்வளவு இனிமையாகக் காட்டுவது உண்மைக்குப் பொருந்துமா? அங்கிருந்து மக்கள் வெளியேறுகிறார்களாமே?

வெளியேறினார்கள் என்பது உண்மை. கோல் தீவிலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். 2011இன் எண்ணிக்கையை இரண்டாவது பதிலில் பார்த்தீர்கள். தொலைவில் உள்ள செயின்ட் கில்டாவில் கடைசியாக எஞ்சிய 36 பேரும் 1930 ஆகஸ்ட் 29 அன்று மொத்தமாகத் தீவைவிட்டுப் போனார்கள். கோலின் பிள்ளைகள் இன்றும் உயர்நிலைப் பள்ளிக்குக் கடல் தாண்டி ஓபன் நகருக்குப் போய் விடுதியில் தங்க வேண்டும். கேட்டி எப்போதும் சின்னப் பெண்ணாகவே இருப்பதால் அந்தப் பிரிவு கதைகளுக்குள் வருவதில்லை. இது ஒரு குறை என்று சொல்பவர்களோடு நான் வாதாட மாட்டேன்.

ஆனால் மாற்றத்தின் வலி வராமல் இல்லை. 1993இல் வந்த புத்தகத்தில் ஸ்ட்ரூவேக்குப் புதிய படகுத்துறை கட்டுகிறார்கள். அதுவரை பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது, சின்னப் படகு போய் ஆட்களை ஏற்றிவரும். புதிய துறை வந்தால் அக்கரைப் பாட்டி அடிக்கடி வரலாம். அதே துறை சின்னப் படகுக்கு வேலையில்லாமல் செய்துவிடும். தீவுப் பாட்டிக்கு அது உறுத்துகிறது. ஒரே பாலத்தையோ சாலையையோ ஒருவர் கொண்டாட, இன்னொருவர் பிழைப்பை இழப்பதை நாமும் பார்த்திருக்கிறோம். அதை ஆறு வயதுக் குழந்தைக்குப் புரியும்படி சொன்ன வேறு படப்புத்தகத்தை நான் இன்னும் கையில் எடுத்ததில்லை.

தமிழில் சொல்லும்போது குளிர், கம்பளி, கேலிக் சொற்கள் எல்லாவற்றையும் நம் ஊருக்கு மாற்றிவிடலாமா?

மாற்ற வேண்டாம். கஞ்சியைக் கூழாக்கி, செம்மறியை வெள்ளாடாக்கினால் கம்பளி முடிக்கு உருளை சுற்றும் கதையே போய்விடும். கில்ட், கிராஃப்ட் போன்ற சொற்களை அப்படியே சொல்லி, படத்தைக் காட்டினால் போதும். அடுப்பில் எரியும் பீட் என்ன என்று கேட்டால், சதுப்பு நிலத்தில் செடிகள் பல்லாயிரம் ஆண்டுகள் மட்கி இறுகிய மண், அதைச் செங்கல்போல வெட்டி வெயிலில் உலர்த்தி எரிப்பார்கள் என்று சொல்லுங்கள். வரட்டி தெரிந்த குழந்தைக்கு அது உடனே பிடிபடும்.

நேரில் போய்ப் பார்க்க முடியுமா?

கோலுக்குப் போகலாம். ஓபனிலிருந்து கப்பலில் ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம். ஆரினகூர் என்ற ஊரில் இறங்குவீர்கள். தெருவிளக்குகள் இல்லாத தீவு. 2013இல் இருண்ட வானத் தீவு என்ற சர்வதேச அங்கீகாரம் பெற்றது. கேட்டியின் வீட்டைத் தேடி யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டாம். பெயரை மாற்றியதற்கான காரணத்தை மேலேயே எழுதியிருக்கிறேன்.

ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும். எதை வாங்குவது?

ஆட்டுக்கு ஷாம்பூ போடும் இரண்டு பாட்டிகளின் கதையை. வீட்டில் புதிதாகத் தம்பியோ தங்கையோ பிறந்திருந்தால் மட்டும் கரடிப் பொம்மைக் கதையை முதலில் வாங்குங்கள். பெரிய பையன்களோடு சேர்ந்து வாலாட்டும் வயதென்றால், ஒன்றுவிட்ட அண்ணன்கள் ஐந்து பேர் வந்து தீவைக் கலக்கும் 1987ஆம் ஆண்டுக் கதை. படகுத்துறைக் கதையை ஏழு வயதுவரை எடுத்துவைத்திருங்கள்.